மளிகைச் சீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்

சாப்பாட்டுப் பழக்கத்தைப் பற்றி டாக்டர் கேட்கும்போது பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்கிறோம்: "வீட்டுச் சாப்பாடுதான் சார், வெளியில ரொம்பச் சாப்பிடறதில்ல." அதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பதிலிலிருந்து டாக்டருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. வீட்டில் என்ன சமைக்கிறோம், அதில் எது எவ்வளவு என்பது நமக்கே சரியாகத் தெரியாது. எது எவ்வளவு என்று தெரிந்த ஒரே ஆவணம் மாத மளிகைச் சீட்டு. நாம் என்ன சாப்பிட நினைக்கிறோம் என்பது அதில் இருக்காது. உண்மையில் என்ன வயிற்றுக்குள் போனது என்பது இருக்கும். ஆகவே உடம்பைப் பற்றிய பேச்சை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவுகோல் வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியைத் திருத்தி வெளியிட்டது. ஒரு நாளைக்கு 2,000 கிலோ கலோரி போதும் என்ற நிலையில் இருப்பவருக்கு அது சொல்லும் அளவு ஏறக்குறைய இப்படி: அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம், பருப்பும் பயறும் 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கடலை, எள் போன்ற கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெய், நெய் 27 கிராம். அரிசியும் பருப்பும் சமைப்பதற்கு முன் நிறுத்த எடை. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த 85 கிராமில் ஒரு பகுதி முட்டையாகவோ மீனாகவோ கறியாகவோ இருக்கலாம்.

நாலு பேர் உள்ள வீட்டுக்கு இதை மாதக் கணக்காக மாற்றினால் தானியம் 30 கிலோ, பருப்பும் பயறும் 10 கிலோ, எண்ணெய் மூன்றரை லிட்டர் வரும். காய்கறி ஒரு நாளைக்கு ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல். சின்னக் குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில் இது குறையும். கட்டட வேலை, வயல் வேலை செய்கிறவர்கள் இருந்தால் கூடும். தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டிய எண்கள் இல்லை இவை. சீட்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்கத்தான்.

இப்போது சீட்டுக்கு வருவோம். அரிசி 25 கிலோ சிப்பம் ஒன்று. இட்லி அரிசி ஐந்தாறு கிலோ. கோதுமை மாவு ஐந்து கிலோ. ரவை, சேமியா, கொஞ்சம் மைதா. தானியம் நாற்பது கிலோவை நெருங்குகிறது. பருப்பு? துவரை இரண்டு கிலோ, உளுந்து இரண்டு கிலோ, பாசிப்பருப்பும் கடலைப்பருப்பும் அரை அரை கிலோ. மொத்தம் ஐந்து. காய் என்று வந்தால் அரைக் கிலோ பீன்ஸோ அவரையோ நாலு பேருக்குப் பொரியலாகிவிடும். அதிலும் மறுநாளைக்குக் கொஞ்சம் எடுத்து வைப்பவர்கள் உண்டு. பல வீட்டுச் சீட்டுகள் இப்படித்தான் இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, அரிசி நாம் பயப்படுகிற அளவுக்கு வரம்பு மீறவில்லை என்பதே. கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ கூடுதல். பருப்பு பாதிதான் இருக்கிறது. காய்கறி பாதிகூட இல்லை. நம் வீடுகளில் எது கூடிப்போனது என்பதைவிட எது வராமல் போனது என்பது பெரிய சங்கதி. ஆனால் உடம்பைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்தவுடன் நாம் முதலில் கை வைப்பது சோற்றில்தான். இரண்டு வாரம் சோறு கிடையாது, மூன்றாவது வாரம் பசி தாங்காமல் பழையபடி. சோற்றை எடுத்த இடத்தில் வேறு எதையும் வைக்காததுதான் அதற்குக் காரணம்.

சீட்டு இப்படி ஆனதற்கு நாம் மட்டும் பொறுப்பில்லை. தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி 2011 ஜூனிலிருந்து இலவசம். சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் ஒரு அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கும், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. வீட்டில் பட்டினி இல்லாமல் செய்ததில் அந்த அரிசியின் பங்கு சாதாரணமானதல்ல. அதைக் கேலி பேசுபவர்களுக்குப் பசி தெரியாது. ஆனாலும் கையில் காசு குறையும்போது வயிறு எந்தப் பக்கம் போகும் என்பதை விலைதான் முடிவு செய்கிறது. சோறு ஏறும், குழம்பு தண்ணீராகும்.

அரிசியைப் பற்றிப் பேசும்போது ஒரு கிளைக்கதை. மேலே சொன்ன தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பிறந்தது நம் நீலகிரியில். 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஒரு அறையில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய பெரிபெரி நோய் ஆய்வுப் பிரிவுதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குப் போனது. பெரிபெரி என்பது தயமின் எனப்படும் பி1 வைட்டமின் குறைவதால் வரும் நோய். தீட்டித் தீட்டி வெளுத்த பச்சரிசியையே நம்பி வாழ்ந்தவர்களிடம் அதிகம் காணப்பட்டது. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள அந்த வைட்டமினின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடும். புழுங்கலரிசி சாப்பிட்டவர்களை அந்த நோய் அவ்வளவாக அண்டாததற்கு அதுவே காரணம். நூறு ஆண்டுகளுக்கு முன்பு அரிசியில் ஏதோ குறைந்ததை ஆராயத் தொடங்கிய இடம், இன்று அரிசியோடு எது சேர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

சோற்றுக்குப் பதில் சப்பாத்தி

சர்க்கரை எல்லையில் இருக்கிறது என்று சொன்னதும் இரவில் சப்பாத்திக்கு மாறுவது நம் ஊரில் ஒரு சடங்கு. நாலு சப்பாத்தி, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு குருமா. மனதுக்கு நிம்மதி. ரத்தத்துக்குப் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய பெரிய ஆய்வு ஒன்று உண்டு. இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக 2023இல் சொன்னது அந்த ஆய்வுதான். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வெளிவந்தது. இந்தியர்கள் பெறும் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றது. வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைத்துவிட்டு, மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் விட்டால் நீரிழிவு ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை என்றது. மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதியை, ஆற்றல் கணக்கில் 5 சதவீதத்தை, பருப்பு, பால் போன்றவற்றின் புரதம் பிடித்துக்கொண்டவர்களிடம் ஆபத்து குறைவாகக் காணப்பட்டது. மக்களின் பழக்கத்தைக் கேட்டறிந்து பார்த்த ஆய்வு என்பதால் இது காரணகாரியத்தை உறுதியாக நிரூபிப்பதில்லை. ஆனால் நம் சீட்டு சொல்வதையே இதுவும் சொல்கிறது.

சிறுதானியத்தையும் இந்த இடத்திலேயே பேசி முடித்துவிடலாம். கம்பு, தினை, சாமை, வரகு எல்லாம் நல்லவை; தீட்டாதவற்றில் நார்ச்சத்து அதிகம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு, வேறெந்தத் தானியமும் அதன் பக்கத்தில் வராது. ஆனால் அவையும் மாவுச்சத்து நிறைந்த தானியங்களே. நைசாக அரைத்த மாவில் கஞ்சி காய்ச்சி, வெல்லம் போட்டுக் குடித்துவிட்டுச் சர்க்கரை இறங்கும் என்று காத்திருப்பது வீண். கேழ்வரகை எலும்புக்காக வாங்குங்கள். சர்க்கரைக்கு மருந்தாக வாங்காதீர்கள்.

ஐந்து கிலோ பருப்பைப் பத்தாக்குவது

துவரம்பருப்பை நூறு கிராம் வேகவைத்து நாலு பேருக்குச் சாம்பார் வைத்தால் தலைக்கு 25 கிராம் பருப்பு. அதில் கிடைக்கும் புரதம் ஐந்தரை கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 50 கிராம். மீதியில் பெரும்பகுதி அரிசியிலிருந்தே வருகிறது. அரிசியிலும் புரதம் உண்டு. ஆனால் அதைப் பெற மலைபோல் சோறு தின்ன வேண்டும்.

பத்துக் கிலோ என்று கேட்டதும் மூன்று வேளையும் சாம்பாரா என்று தோன்றும். வேண்டாம். நம் சமையலில் பயறுக்கு இருக்கும் இடங்களை நாமே மூடிவிட்டோம், அவ்வளவுதான். அடை இருக்கிறது. தோசை மாவில் அரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு. அடையில் அரிசியும் பருப்பும் சரிபாதி வரை போகலாம். வாரத்தில் இரண்டு இரவு தோசைக்குப் பதில் அடை என்று வைத்தாலே சீட்டு மாறத் தொடங்கும். தட்டைப்பயறு குழம்பு, மொச்சைக்கொட்டைக் குழம்பு, பாசிப்பருப்பு போட்டுக் கடைந்த கீரை, பருப்பு உசிலி, கொள்ளுத் துவையல், பருப்புத் துவையல் என்று எத்தனை இருக்கின்றன! புளிக்குழம்பு வைக்கும் நாளில் உடன் ஒரு கூட்டு. கோயில் பிரசாதமாகவும் நவராத்திரிப் பண்டமாகவும் ஒதுக்கிவிட்ட சுண்டலை மாலை நாலரை மணிக்குக் கொண்டுவந்தால் பஜ்ஜியும் பப்ஸும் தானாக வெளியேறும். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12 கிராம் போலப் புரதம். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் ஏழு. முட்டை ஒன்றில் ஆறு. மத்தி மீன் நூறு கிராமில் ஏறக்குறைய இருபது. மத்தியைச் சாப்பிடுவது கௌரவக் குறைவு என்று வஞ்சிரத்தைத் தேடிப் போகிறவர்கள் காசையும் நல்ல கொழுப்பையும் சேர்த்தே விட்டுவிடுகிறார்கள்.

பயறு வயிற்றில் வாயு பிடிக்கும் என்பது நியாயமான புகார். எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாக வேகவைத்தால் பெருமளவு குறையும். பெருங்காயமும் சீரகமும் நம் வழக்கத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. அளவையும் ஒரே வாரத்தில் ஏற்றாமல் மெல்ல ஏற்றினால் குடல் பழகிக்கொள்ளும்.

இரண்டு எச்சரிக்கைகள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் திடீரென்று சோற்றைப் பாதியாக்கினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். தட்டை மாற்றும் முன் மருந்தளவைப் பற்றி டாக்டரிடம் பேசிவிட வேண்டும்.

எதை முதலில்

இலையில் பரிமாறும்போது பொரியலும் கூட்டும் முதலில் வருகின்றன. ஆனால் சோறு வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது நம் மரியாதை. காத்திருக்காமல் காயையும் கூட்டையும் முதலில் சாப்பிட்டுவிட்டால் என்ன?

2015இல் அமெரிக்காவின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில், நீரிழிவும் உடல் பருமனும் உள்ள 11 பேரிடம் ஒரே உணவை இரண்டு வரிசையில் கொடுத்துப் பார்த்தார்கள். காய்கறியும் கோழியும் முதலில், கால் மணி நேரம் கழித்து ரொட்டியும் பழச்சாறும் என்ற வரிசையில் சாப்பிட்டபோது, ஒரு மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை 37 சதவீதம் குறைவாக இருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் இதன் செயல்முறை எளிது: நாரும் புரதமும் முன்னால் போனால் இரைப்பை மெதுவாகக் காலியாகிறது, மாவுச்சத்து நிதானமாக ரத்தத்தில் கலக்கிறது. கூடவே இன்னொரு லாபம், இரண்டாவது முறை சோறு கேட்கும்போது வயிற்றில் இடம் இருக்காது.

இதற்குத் தட்டில் போதுமான காய் இருக்க வேண்டும். இந்த இடத்தில் நம் வீடுகளின் ஒரு பழைய வழக்கம் குறுக்கே வருகிறது. சமைத்தவர் கடைசியில் சாப்பிடுகிறார். ஆண்களும் பிள்ளைகளும் எழுந்த பிறகு அவருக்கு மிஞ்சுவது அடிப்பானைச் சோறு, தெளிந்த ரசம், ஊறுகாய். பொரியல் சட்டி காலியாகியிருக்கும். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது. இதற்குப் பல காரணங்கள் உண்டு, ஆனால் இந்தக் காலிச் சட்டியும் அவற்றில் ஒன்று. அரைக் கிலோ பீன்ஸை முக்கால் கிலோவாக்குவதைவிட, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது சில வீடுகளில் முதல் சீர்திருத்தமாக இருக்க வேண்டும்.

கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் எளிதில் சேராது. எலுமிச்சை, நெல்லி, தக்காளி, கொய்யா என்று வைட்டமின் சி உள்ள ஏதாவது கூடவே இருந்தால் நன்றாகச் சேரும். சாப்பிட்டு முடித்த கையோடு டீயோ காபியோ குடித்தால் அதிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் இவற்றைத் தவிர்க்கச் சொல்கிறது 2024 வழிகாட்டி. காலை இட்லிக்குப் பக்கத்திலேயே டம்ளரும் டவராவும் வைத்துப் பழகிய நமக்கு இது கசப்பான ஆலோசனை. ரத்தசோகை உள்ளவர்களாவது கேட்டுக்கொள்ள வேண்டும்.

உப்பு, சர்க்கரை, எண்ணெய்

உப்பின் கணக்கு சீட்டிலேயே பளிச்சென்று தெரியும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேருக்கு மாதம் 600 கிராம். அதாவது ஒரு கிலோ பாக்கெட் ஒன்றரை மாதத்துக்கு மேல் வர வேண்டும். பெரும்பாலான வீடுகளில் மாதத்துக்கு முன்பே தீர்ந்துவிடும். அதுவும் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், வடகம், கருவாடு, கடையில் வாங்கும் மிக்சர் எல்லாம் அந்தக் கணக்கில் வராமல். குழம்பில் உப்பைக் குறைத்தால் வீட்டில் சண்டை வரும். பக்கவாத்தியங்களைக் குறைத்தால் வராது. தயிர்சாதத்துக்கு ஊறுகாய்க்குப் பதில் வெள்ளரிக்காயோ வெங்காயமோ, தினமும் பொரித்த அப்பளம் வாரம் ஒருமுறையாக, சோறு வடிக்கும்போது உப்புப் போடாமல். நாக்கு சில வாரங்களில் புதிய அளவுக்குப் பழகிவிடும். அதன் பிறகு பழைய குழம்புதான் உப்புக் கரிக்கும்.

இந்துப்பு உடம்புக்கு நல்லது என்று இரண்டு மடங்கு விலை கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதுவும் சோடியம் குளோரைடுதான், ரத்த அழுத்தம் அதற்கென்று தனிச் சலுகை தராது. பெரும்பாலான இந்துப்பில் அயோடின் சேர்க்கப்படுவதும் இல்லை.

நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் பற்றியும் இதே பேச்சுத்தான். சுவை வேறு, மணம் வேறு, சிறிதளவு தாதுக்கள் இருக்கலாம். ரத்தத்துக்குப் போனதும் எல்லாம் சர்க்கரை. கருப்பட்டிக் காபி பிடித்தால் பிடிக்கிறது என்பதற்காகக் குடியுங்கள். ஒரு நாளைக்கு 25 கிராம் என்பது எல்லாம் சேர்ந்த உச்சவரம்பு. இரண்டு ஸ்பூன் போட்ட டீ நாலு குடித்தால் அந்த வரம்பு அங்கேயே உடைந்துவிடும். பிஸ்கட், கூல்டிரிங்க்ஸ், பிள்ளைகளுக்கான பால் பவுடர் வகைகள் அதற்கு மேல். இந்தப் பவுடர்களை ஆரோக்கிய பானம் என்ற பிரிவில் வைத்து விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு மத்திய வர்த்தக அமைச்சகம் சொன்னது நினைவிருக்கலாம்.

பாக்கெட்டின் முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் விவரம். சேர்மானங்களை எடையின் இறங்கு வரிசையில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். கோதுமை பிஸ்கட் என்று பெரிதாகப் போட்டிருக்கும். பின்னால் திருப்பினால் முதல் பெயர் மைதாவாகவும், கோதுமை மாவு அதற்குக் கீழே எங்கோவும் இருக்கும். சோடியம் என்று போட்டிருந்தால் இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். கலோரிக் கணக்கு நூறு கிராமுக்கா, ஒரு பரிமாறலுக்கா என்பதையும் பாருங்கள். இரண்டு பிஸ்கட்டை ஒரு பரிமாறல் என்று எழுதியவர், இரண்டோடு நிறுத்தியவரை எங்கே பார்த்தாரோ தெரியவில்லை.

எண்ணெயில் எது நல்லது என்ற சண்டை ஓயாது. நல்லெண்ணெய், கடலெண்ணெய், சூரியகாந்தி என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் போதும், அளவுதான் முக்கியம். அந்த மூன்றரை லிட்டரில் ரேஷன் பாமாயிலும் நெய்யும் அடக்கம். பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சுவதைத் தவிருங்கள். ஓட்டல்களில் இதற்காகவே எண்ணெய்ச் சிதைவுக்கு 25 சதவீத வரம்பு 2018 ஜூலையிலிருந்து அமலில் இருக்கிறது. தள்ளுவண்டிச் சட்டி வரை அதை யார் போய் அளக்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

ஒல்லியாக இருக்கிறோமே

"நான் குண்டு இல்லையே, எனக்கு எதற்கு இதெல்லாம்?" என்பவர்களுக்குப் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கின் புகைப்படத்தைக் காட்ட வேண்டும். 2004இல் லான்செட் இதழில் வந்தது. அவரும் பிரிட்டன் மருத்துவர் ஜான் யூட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. அளவு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடம்பில் உள்ள கொழுப்போ யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். கை கால் மெலிந்து, வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்த்து வைக்கும் உடல்வாகு நம்முடையது. அதனால்தான் நமக்கு அதிக எடை என்பது 23இலேயே தொடங்குவதாகக் கொள்கிறார்கள்.

ஆகவே எடை பார்க்கும் எந்திரத்தைவிடத் தையல்காரரின் இஞ்ச் டேப் பயன்படும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளந்தால் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால் எடை எதுவாக இருந்தாலும் கவனிக்க வேண்டும்.

சாப்பிட்ட சோற்றின் சர்க்கரையில் பெரும்பங்கைப் பிடித்துக்கொள்வது தசை. தசை வேலை செய்யாவிட்டால் அதற்குப் போக்கிடம் குறைகிறது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மூச்சு வாங்கும்படியான நடை, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை தரும் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளை அரசு 2023 நவம்பரில் தொடங்கியது. அங்கே போக முடிந்தால் நல்லது. முடியாதவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் தெருவில் நடந்தாலே உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறையும். திருப்பூர்த் தையல் எந்திரத்தின் முன்னாலோ, ஓ.எம்.ஆர். அலுவலகக் கணினியின் முன்னாலோ எட்டு மணி நேரம் உட்காருகிறவர்களுக்குக் காலையில் நடந்த ஒரு மணி நேரம் மட்டும் போதாது. இடையிடையே எழுந்து நிற்க வேண்டும். நடையோடு நிறுத்திவிடாமல் நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவதைப் பத்து முறை செய்து பாருங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் தொடைத் தசை எவ்வளவு கரைந்திருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

தூக்கத்தைப் பற்றி ஒன்றுதான். ஏழு மணி நேரத்துக்குக் குறைந்தால் மறுநாள் பசி கூடும், அதுவும் இனிப்பிலும் பொரித்ததிலும் கை போகும். இரவு பத்தரைக்குச் சாப்பிட்டுப் பதினொன்றுக்குப் படுக்கும் வீட்டில் மற்ற எல்லாத் திருத்தமும் பாதிப் பலனே தரும்.

முப்பது வயதைத் தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். சாப்பாட்டை மாற்றியவர்கள் அடுத்த வாரமே விரல் நுனியில் குத்திப் பார்த்து ஏமாற வேண்டாம். ரத்தச் சிவப்பணுக்களின் ஆயுள் ஏறக்குறைய நாலு மாதம். அவற்றில் படிந்த சர்க்கரையை அளப்பதுதான் ஊரில் மூணு மாச டெஸ்ட் என்று சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனை. 5.7க்குக் கீழே இருந்தால் இயல்பு, 6.5ஐத் தொட்டால் நீரிழிவு, இடையில் இருப்பது திரும்பி வரக்கூடிய எல்லைக்கோடு. மாற்றத்தைத் தொடங்கி மூன்று மாதம் கழித்து அதைப் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை உள்ளவர்களுக்கு இந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதால், பெண்கள் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேட்பது நல்லது.